தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்

1859-ஆம் ஆண்டு தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர்வடகரையில் பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். அங்கேயே பிடிலும் பயின்றார். அந்நாளில் புதுமையாயிருந்த புகைப்படக் கலையையும் அவர் விட்டுவைக்கவில்லை.

பின்னர்த் தஞ்சையில் ஆசிரியப் பணியை விடுத்துச் சித்த மருத்துவரானார். அவருடைய மருந்துகள் கடல் கடந்து சிங்கப்பூர் வரை வந்தன. நம் பாட்டன்மாருள் சிலரும் அவற்றை உண்டிருக்கக்கூடும்! அவ்வாறு ஈட்டிய பொருளைக் கொண்டே 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, வித்துவான்களைத் தஞ்சைக்கு அழைத்து மாநாடுகள் கூட்டினார்.

ஒரு ஸ்தாயியில் சுருதிகள் 22 என்பது வழிவழி வந்த கொள்கை. பெரியோர் கூறினர் என்பதற்காக அதனை ஏற்க அவர் உடன்படவில்லை. வீணைத் தந்தியின் நீளங்களைக் கணக்கிட்டுப் பார்த்து, 24 என்றார். எதிர்ப்பு எழுந்தது. அவரோ 1916-இல் பரோடா மாநாட்டிற்கே சென்று, தம் குடும்பப் பெண்டிரை வாசிக்கச் செய்து விளக்கினார்.

ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட தம் 'கருணாமிர்த சாகரம்' நூலை அச்சிட, மின்விசையால் இயங்கும் அச்சுக்கூடத்தைத் தஞ்சையில் தாமே நடத்தினார். தோட்ட லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலம் அது! 1917-இல் நூல் வெளிவந்தது. 1919-இல் அவர் மறைந்தார். எஞ்சிய இரண்டாம் பாகத்தை அவர்தம் மகள் மரகதவல்லி துரைபாண்டியன் பின்னாளில் வெளியிட்டார்.