ஸர் ஜோஸப் பாக்ஸ்டனும் சக்கரவர்த்தி நீரூற்றும்

இங்கிலாந்து தேசத்திலே, டார்பிஷயர்ப் பகுதியிலுள்ள சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தில், கண்டோர் வியக்க வானோக்கி எழும் நீரூற்றொன்று உண்டு. அதனை அமைத்தவர் ஜோஸப் பாக்ஸ்டன் என்னும் பெரியார்.

இவர் 1803-ஆம் ஆண்டில் எளிய உழவர் ஒருவருக்கு ஏழாம் மகனாய்ப் பிறந்தார். உயர்தரக் கல்வி பெற வழியின்றி இளமையிலேயே தோட்டவேலை பயின்று, லண்டனையடுத்த சிஸ்விக்கில் தோட்டக்கலைச் சங்கத்தாரிடம் ஊழியம் புரிந்தார். அண்டையிலே மாளிகையுடைய ஆறாம் டெவன்ஷயர்ப் பிரபு இவரது திறமையைக் கண்டு, 1826-ஆம் ஆண்டில், 23 வயது நிரம்பாத இவரைச் சாட்ஸ்வொர்த்துக்குத் தலைமைத் தோட்டக்காரராக நியமித்தார். வைகறையில் அவ்விடம் சேர்ந்த பாக்ஸ்டன், தோட்டமெங்கும் சுற்றிப் பார்த்து, ஆட்களை வேலைக்கு ஏவியபின், அங்கிருந்த பழைய நீர்ப்பொறிகளை இயக்கச் செய்து கண்டார்.

சில ஆண்டுகள் சென்றன. ருஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கலஸ் தம் மாளிகைக்கு எழுந்தருளுவாரென எதிர்பார்த்த பிரபு, அவர் நாட்டு ஊற்றுக்களையும் விஞ்சுமாறு ஒன்றமைக்க விரும்பினார். காலமோ குறுகியது. பாக்ஸ்டன் மாளிகைக்கு 350 அடி உயரத்திலுள்ள மேட்டு நிலத்தில், 8 ஏக்கர் பரப்புள்ள ஏரியொன்றை வெட்டுவித்தார். கூலியாட்கள் இரவிலும் தீவர்த்தி வெளிச்சத்தில் உழைத்தனர். ஆறே மாதத்தில், 1844-ஆம் ஆண்டில், வேலை நிறைவேறிற்று. இதற்கு இயந்திரம் யாதும் வேண்டியதில்லை. குழாய்வழியே இறங்கும் நீர், தன் பாரத்தின் அழுத்தத்தாலேயே மேலெழும். உராய்வினாலும் காற்றின் தடையினாலும் இழந்தது போக, 296 அடி வரை உயர்ந்ததாகக் கணக்கிட்டுள்ளனர்.

அவ்வாண்டில் இங்கிலாந்துக்கு வந்த சக்கரவர்த்தியோ சாட்ஸ்வொர்த்துக்கு வந்திலர்! அவர் பெயர் மட்டும் ஊற்றுக்கு நிலைத்தது. ஆயினும் அத்தனை பேருடைய உழைப்பு வீணாயிற்றென்று கருதற்க. அவ்வேரி நீரே 1893 முதல் 1936 வரை மாளிகைக்கு மின்விளக்கேற்றும் ஆற்றலையும் தந்தது.

பாக்ஸ்டனது புகழும் வளர்ந்தது. 1849-ஆம் ஆண்டில் விக்டோரியா என்னும் மாபெரும் அல்லியைத் தம் கண்ணாடிக் கூடத்தில் மலரச் செய்தார். 1851-ஆம் ஆண்டில் லண்டன் உலகப் பொருட்காட்சிக்குப் பளிங்கு மாளிகையை வகுத்து, ஸர் பட்டம் பெற்றார். 1854-ஆம் ஆண்டு முதல் கவென்ட்ரி நகரின் பிரதிநிதியாய்ப் பார்லிமெண்டில் வீற்றிருந்து, 1865-ஆம் ஆண்டில் காலமானார்.

பளிங்கு மாளிகை 1936-ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று. சாட்ஸ்வொர்த்து ஊற்றோ இன்றும் எழுகின்றது. வரவேண்டிய விருந்தினர் வாராதொழியினும், செவ்வனே செய்த தொழில் தன் பயனைத் தந்தே தீரும் என்பது இவர் சரிதத்தால் இனிது விளங்கும்.