பெயர் சொல்லும் பூ

சிங்கப்பூரின் தேசிய மலர் ‘வண்டா மிஸ் ஜோக்கிம்’. இம்மலர் யாருடைய பெயரைத் தாங்கியுள்ளது?

ஆக்னஸ் ஜோக்கிம் 1854ஆம் ஆண்டு சிங்கப்பூரில், ஆர்மீனிய வணிகர் ஒருவரின் மூத்த மகளாகப் பிறந்தார். தந்தை மறைந்த பின், தாயாருக்குத் துணையாக நின்று தம்பி தங்கையரை வளர்த்தார். தோட்டக்கலையில் அவருக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது.

தஞ்சோங் பகாரில் இருந்த தம் வீட்டுத் தோட்டத்தில், இருவகை ஆர்க்கிட் மலர்களை இணைத்துப் புதிய வகை ஒன்றை உருவாக்கினார் ஆக்னஸ். ஒன்று மலாயாவின் சதுப்பு நிலத்தில் வளர்வது. மற்றொன்று பர்மாவைச் சேர்ந்தது. அஃது எளிய பணி அன்று. ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொரு பூவில் சேர்க்க வேண்டும். ஆர்க்கிட் விதைகளோ தூசியைப் போன்றவை. முளைப்பதற்குத் தேவையான உணவு அவற்றில் இராது. ஒருவகைப் பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் அவை இயற்கையில் முளைக்கும். முளைத்த செடி பூக்கவும் சில ஆண்டுகள் ஆகும்.

1893இல் ஆக்னஸ் அம்மலரைப் பூமலையின் இயக்குநர் ஹென்றி ரிட்லியிடம் காட்டினார். ரிட்லி அதனை ஆராய்ந்து, ஆக்னஸே அதை உருவாக்கியவர் என்று எழுதினார். அவர் பெயரையே மலருக்குச் சூட்டினார். 1899இல் மலர்க் கண்காட்சியில் அது பரிசு வென்றது. அதே ஆண்டில் ஆக்னஸ் நோயால் காலமானார்.

பின்னாளில் சிலர், அம்மலர் தோட்டத்தில் தானாகத் தோன்றியது என்றும் ஆக்னஸ் அதைக் கண்டெடுத்தவர் மட்டுமே என்றும் கருதினர். 1981இல் அது தேசிய மலரான பிறகும் இந்த ஐயம் நீங்கவில்லை. ஆய்வாளர்கள் பழைய சான்றுகளை மீண்டும் ஆராய்ந்தனர். ஆக்னஸ் மறைந்து 117 ஆண்டுகளுக்குப் பின், 2016இல், அம்மலரை உருவாக்கியவர் அவரே என அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது.