கை கொடுத்த பல் மருத்துவர்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

பல் போனால் சொல் போகும் என்பார்கள் நம் பெரியவர்கள். பிறர் பல்லைக் காக்கப் புகுந்து தம் கையையே இழந்த ஒரு மேதையின் வரலாற்றை இங்கே சொல்ல விரும்புகிறேன். பல் மருத்துவம் பயில்வோர் நன்கறிந்த பெயர் அவருடையது. இயற்பியல் பயிலும் நாமும் அறிந்துகொள்ள வேண்டிய பெயர் அது. அவர்தாம் டாக்டர் எட்மண்ட் கெல்ஸ்.

இளமை

சார்லஸ் எட்மண்ட் கெல்ஸ் 1856-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தார். தந்தையாரும் பல் மருத்துவரே. எட்மண்டுக்கு ஐந்து வயது நிறையுமுன் உள்நாட்டுப் போர் மூண்டது. 1862-இல் வடக்கத்திப் படைகள் அந்நகரைக் கைப்பற்றின. போர்க்காலத்தில் வளர்ந்த அச்சிறுவர் பின்னர் நியூயார்க் சென்று பல் மருத்துவம் கற்று, 1878-இல் பட்டம் பெற்று ஊர் திரும்பினார்.

தந்தையின் தொழிலைத் தொடர்ந்தார் என்று சொல்லி அவர் வரலாற்றை முடித்துவிட முடியாது. புதியன காணும் வேட்கை அவருக்கு இயல்பாகவே அமைந்திருந்தது. பல் மருத்துவத்தில் மின்சாரத்தை முதன்முதலில் பயன்படுத்தியவர்களுள் அவர் ஒருவர். வாயில் தேங்கும் இரத்தத்தையும் உமிழ்நீரையும் உறிஞ்சியெடுக்கும் கருவியை அமைத்தார். அது அறுவைச் சிகிச்சைக்கும் பயன்பட்டது. அவர் பெற்ற காப்புரிமைகள் பல.

கதவைத் திறந்த அறிவிப்பு

அந்நாளில் பல் மருத்துவர் பெரும்பாலும் தனி ஆளாகவே உழைத்தார். ஆனால் அவ்வேலைக்கு இரண்டு கைகள் போதா. பல்லின் குழியில் பொன்தகடு வைத்து அடைக்கும்போது, ஒருவர் அழுத்துகோலைப் பிடிக்க, மற்றொருவர் சிறு சுத்தியால் அதைத் தட்ட வேண்டும். சிமெண்டுக் கலவை இறுகுமுன் கைக்கு வந்தாக வேண்டும். கருவிகள் கேட்டவுடன் கிடைக்க வேண்டும். இத்தனையையும் ஒருவரே செய்தால் நாற்காலியில் அமர்ந்திருப்பவர் படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

இன்னொரு தடையும் இருந்தது. ஆண் மருத்துவரிடம் பெண்கள் தனியே செல்வதை அக்காலச் சமுதாயம் ஏற்கவில்லை. கணவனோ வீட்டாரோ உடன்வர ஒழியும்வரை பல்வலியைப் பொறுத்துக் கொண்டிருக்க வேண்டியதுதான்.

1885-ஆம் ஆண்டு மால்வினா கியூரியா என்ற இளம்பெண்ணைக் கெல்ஸ் உதவியாளராக அமர்த்தினார். பல் மருத்துவ உதவியாளர் தொழிலின் வரலாறு பொதுவாக இப்பெண்மணியிடமிருந்தே தொடங்கப்படுகிறது. தம்மிடம் பெண் உதவியாளர் உண்டு என்ற அறிவிப்பைப் பல் மருத்துவர்கள் சன்னலில் தொங்கவிடும் வழக்கம் அதன்பின் பரவியது. துணையின்றியே பெண்கள் வரலாயினர். ஒரு சிறு பலகை, சிகிச்சை பெறும் பெண்ணுக்கும் சம்பளம் பெறும் பெண்ணுக்கும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்தது.

நாளடைவில் கெல்ஸிடம் நாற்காலியருகே உதவுபவர் ஒருவர், கணக்கும் கடிதமும் கவனிப்பவர் மற்றொருவர் என வேலை பிரிந்தது. உதவியாளருக்கெனப் பள்ளி எதுவும் அன்று இல்லை. மருத்துவர் கற்பித்ததே பாடம், அவருடைய அறையே வகுப்பு. முறையான பயிற்சி பிறகே வந்தது. கனெக்டிகட் மாநிலத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர் 1906-இல் தம் உறவினரும் உதவியாளருமான ஐரீன் நியூமனுக்குப் பல் துப்புரவுப் பணியைக் கற்பித்தார். 1913-இல் அதற்கென வகுப்பே தொடங்கினார். 1924-இல் ஜூலியட் சதர்டு அம்மையார் தலைமையில் அமெரிக்கப் பல் மருத்துவ உதவியாளர் சங்கம் தோன்றியது. கெல்ஸ் தொடங்கிவைத்த வழக்கம் அவர் கண்முன்னேயே ஒரு தொழிலாக வளர்ந்தது.

கதிரும் கையும்

1895 நவம்பரில் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே அந்நாட்டின் ஓட்டோ வால்காஃப் என்ற பல் மருத்துவர் தம் பற்களையே படமெடுத்தார். அதற்காக அவர் 25 நிமிடங்கள் அசையாதிருந்தார். நியூ ஆர்லியன்ஸ் துலேன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரௌன் அயர்ஸ் வாயிலாக இக்கதிர்களைப் பற்றி அறிந்த கெல்ஸ், உடனே கருவிகளை வாங்கினார். வாய்க்குள் படச்சுருள் அசையாதிருக்க ஒரு பிடியைத் தாமே செய்தார். 1896 ஜூலையில் ஆஷ்வில் நகரில் கூடிய தென்னகப் பல் மருத்துவர் மாநாட்டில் செய்தும் காட்டினார். 1899-இல் பல்வேரின் குழலுக்குள் ஈயக் கம்பியைச் செலுத்திப் படமெடுத்து, குழலின் நீளத்தைக் கண்டறிந்தார். அதுவரை இருளில் துழாவியவர்களுக்கு அது விளக்காயிற்று.

இங்கேதான் இயற்பியல் குறுக்கிடுகிறது. அக்காலத்து எக்ஸ் கதிர்க் குழாய்களில் சிறிதளவு வாயு எஞ்சியிருக்கும். குழாயைப் பயன்படுத்தப் பயன்படுத்த அவ்வாயுவின் அழுத்தம் மாறும். அதனால் கதிர்களின் ஊடுருவும் திறனும் மாறும். நேற்று நன்றாகப் படமெடுத்த குழாய் இன்று எடுக்காது. ஆகவே ஒவ்வொரு முறையும் குழாயைச் சரிபார்க்க வேண்டும். அதற்கு எல்லாரும் கையாண்ட எளிய வழி ஒன்றிருந்தது. குழாய்க்கும் ஒளிர்திரைக்கும் இடையே தம் கையையே நீட்டுவர். எலும்புகள் தெளிவாகத் தெரிந்தால் குழாய் சரியாக இருக்கிறது என்று பொருள். கெல்ஸும் அப்படியே செய்தார், நாள்தோறும், ஆண்டுக்கணக்கில்.

நெருப்பு சுட்டால் கை தானே பின்வாங்கும். எக்ஸ் கதிர் படும்போது வலியில்லை, சூடில்லை, எதுவும் தெரிவதில்லை. கேடு உள்ளே சேர்ந்துகொண்டே போய்ப் பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளிப்படும்.

எச்சரித்தவர் இல்லாமலில்லை. பாஸ்டன் நகரப் பல் மருத்துவர் வில்லியம் ரோலின்ஸ், இக்கதிர்கள் உயிரைக் கொல்ல வல்லவை என்பதைக் கினிப்பன்றிகளை வைத்து 1901-இல் மெய்ப்பித்தார். குழாயை உறையிட்டு மூடவேண்டும் என்றார். கேட்டவர் சிலரே. எடிசனின் ஆய்வுக்கூடத்தில் இக்கதிர்களோடு உழைத்த கிளாரன்ஸ் டேலி என்ற உதவியாளர் இரு கைகளையும் இழந்து 1904-இல் மாண்டார். எடிசனும் எக்ஸ் கதிர் ஆய்வையே கைவிட்டார். இத்தனைக்குப் பிறகும் வழக்கம் எளிதில் மாறவில்லை. வாயு எஞ்சாத, நிலையாக இயங்கும் குழாயைக் கூலிட்ஜ் என்பவர் 1913-இல்தான் உருவாக்கினார்.

கெல்ஸின் விரல்களில் புண்கள் தோன்றின. அவை புற்றுநோயாயின. முதலில் விரல்கள் போயின. பின்னர்க் கை போயிற்று. நோய் தோள்வரை ஏறியது. அவர் உடலில் 40-க்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன.

பல்லைப் பிடுங்கும் மோகம்

இத்துன்பத்தின் நடுவேதான் கெல்ஸ் மற்றொரு போராட்டத்தையும் நடத்தினார். மனிதன் பற்களை மாற்றியமைப்பது புதிதன்று. மாயா இனத்தார் பற்களில் பச்சைக்கல் பதித்தனர். ஆப்பிரிக்காவின் சில குடியினர் பற்களை அராவிக் கூராக்கினர். ஜப்பானியப் பெண்கள் பற்களுக்குக் கறுப்பேற்றினர். இவையெல்லாம் அவரவர் வழக்கம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படித்த மருத்துவர்களிடையேயும் ஒரு வழக்கம் பரவியது. மூட்டுவலி முதல் மனநோய் வரை பல நோய்களுக்குப் பல்லின் வேரில் ஒளிந்திருக்கும் கிருமியே காரணம் என்ற கொள்கை 1910 முதல் ஓங்கியது. எக்ஸ் கதிர்ப் படத்தில் ஒரு நிழல் தெரிந்தால் போதும், பல்லைப் பிடுங்கு என்றனர். காப்பாற்றக்கூடிய பற்கள் கூட்டங் கூட்டமாகப் பிடுங்கப்பட்டன.

எந்தக் கதிருக்காகத் தம் கையைக் கொடுத்தாரோ, அந்தக் கதிரே நல்ல பற்களுக்கு எமனாவதைக் கெல்ஸால் பொறுக்க முடியவில்லை. படத்தைத் தவறாகப் படித்துப் பல்லைப் பிடுங்குவது குற்றமே எனக் கண்டித்து 1920-இல் கட்டுரை வெளியிட்டார். மற்ற மருத்துவர் ஆணையிட்டார் என்பதற்காகப் பல் மருத்துவர் பணிந்துவிடக் கூடாது, தாமே ஆராய்ந்து முடிவு செய்யவேண்டும் என்பது அவர் கட்சி. அக்கொள்கையின் செல்வாக்கு பின்னாளில் சரிந்தது. அவர் உரைத்ததன் நியாயத்தை உலகம் மெல்ல உணர்ந்தது.

இறுதி

1926-இல் தம் வாழ்க்கை அனுபவங்களை நூலாக எழுதி வெளியிட்டார். ஆனால் நோய் விட்டபாடில்லை. வேதனை தாளாது 1928 மே 7-ஆம் நாள் கெல்ஸ் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 71. அம்முடிவைப் போற்றுவதற்கில்லை. அத்தகைய மனிதரை அந்த நிலைக்குத் தள்ளிய துன்பம் எத்தகையது என்று எண்ணி வருந்தலாம்.

கெல்ஸைத் தியாகி என்று அழைப்பது எளிது. ஆனால் அவ்வளவோடு நின்றுவிட்டால் அவர் வாழ்க்கை சொல்லும் பாடத்தைத் தவறவிடுவோம். அவர் கை போனது அறிவியல் கேட்ட விலை என்று சொல்லிவிட முடியாது. ரோலின்ஸ் 1901-இலேயே உண்மையைச் சொல்லிவிட்டார். அது உழைப்பவர் கைக்கு வந்து சேராததுதான் கொடுமை. கண்டுபிடித்த அறிவை வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் கற்பிக்கும்போதுதான் அது அறிவாகிறது. உதவியாளர் பயிற்சி அற்பமான செய்தியன்று என்று சொல்வது இதனால்தான். கருவியை எடுத்துக் கொடுக்கவும், கதிரிலிருந்து விலகி நிற்கவும், ஏன் விலக வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ளவும் கற்றுத்தருவது அந்தப் பயிற்சியே.

ஆய்வுக்கூடத்தில் எச்சரிக்கைப் பலகையைப் படிக்காமலே கடந்து செல்கிறோம். கருவிகளை ஒழுங்காக எடுத்துவைப்பவரின் பெயரைக்கூடக் கேட்பதில்லை. இந்த இரண்டையும் மாற்றிக்கொள்வோமானால், அதுவே டாக்டர் கெல்ஸுக்கும் மால்வினா கியூரியாவுக்கும் மாணவர்களாகிய நாம் செலுத்தும் நன்றியாகும்.