கரிக்காற்றின் கணக்கு

புரோப்பேன் வாயு அடுப்பில் எரியும்போது, அதன் ஒவ்வொரு மூலக்கூறும் ஐந்து ஆக்சிஜன் மூலக்கூறுகளோடு வினைபுரிந்து மூன்று கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளையும் நான்கு நீர் மூலக்கூறுகளையும் தருகிறது. எடையிட்டுப் பார்ப்போர்க்கு இதில் வியப்பு உண்டு. ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் மூன்று கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிப்படும்! மிகுதி எடை காற்றிலிருந்த ஆக்சிஜன் அளித்ததாகும். காற்றில் இவ்வாயு பெருகினால் உலகின் வெப்பநிலை எவ்வளவு உயரும் என்பதை முதன்முதலில் விரிவாகக் கணக்கிட்டவர் ஸ்வான்டே அர்ரீனியஸ்.

ஸ்வீடன் நாட்டின் உப்சாலா நகருக்கு அருகே 1859ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். உப்புகள் நீரில் கரையும்போது மின்னூட்டம் பெற்ற துகள்களாகப் பிரிகின்றன என்னும் கருத்தை 1884இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாக அளித்தார். பேராசிரியர்கள் அதனை ஏற்கத் தயங்கினர். பட்டம் கிடைத்தது, ஆயினும் ஆசிரியப் பணிக்குப் போதாத தாழ்ந்த தகுதிநிலையே வழங்கப்பட்டது. இளைஞர் மனம் தளரவில்லை. ஆய்வேட்டின் படிகளை அயல்நாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். ரிகா நகரிலிருந்து ஆஸ்ட்வால்ட் அவரைத் தேடி உப்சாலாவுக்கே வந்தார். அதே கொள்கைக்காக 1903இல் வேதியியல் நோபல் பரிசும் அவரை வந்தடைந்தது.

1894ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள் அவர் வேறொரு கணக்கைத் தொடங்கினார். பனியூழிகள் ஏன் தோன்றின என்பதே அவரது வினா. அமெரிக்க அறிஞர் லாங்லி நிலவிலிருந்து வரும் வெப்பக்கதிர்களை அளந்து வைத்திருந்தார். நிலவு அடிவானத்தில் தாழ்ந்திருக்கும்போது அக்கதிர்கள் மிகுதியான காற்றைக் கடந்து வர வேண்டும். உச்சியில் இருந்தால் குறைவாகவே கடக்கும். இவ்வேறுபாட்டிலிருந்து நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் எவ்வளவு வெப்பத்தை ஈர்க்கின்றன என்று அர்ரீனியஸ் பிரித்தறிந்தார். பத்துப் பத்துப் பாகையாக நிலவுலகைப் பகுத்து, நான்கு பருவங்களுக்கும் தனித்தனியே கணக்கிட்டார். கணிப்பொறி இல்லாத காலம். அனைத்தும் கையால் எழுதியவை. அவ்வேளையில்தான் அவரது மணவாழ்வும் முறிந்தது. மனைவி சோபியா கைக்குழந்தை ஓலோபுடன் பிரிந்து சென்றார். தனித்த வீட்டில் எண்களே துணையாயின.

1896இல் முடிவு வெளிவந்தது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு இருமடங்கானால் வெப்பநிலை ஐந்து முதல் ஆறு பாகை செல்சியஸ் உயரும் என்றார். இன்றைய மதிப்பீடுகளைவிட அது சற்று மிகையே. எனினும் அக்காலத் தரவுகளைக் கொண்டு அவ்வளவு நெருங்கியது அரிய செயல்.

அவர் பிழைத்தது வேறோர் இடத்தில். நிலக்கரி எரியும் அளவைக் கருதி, இம்மாற்றம் நிகழப் பல நூற்றாண்டுகள், ஏன், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம் என்று எண்ணினார். குளிர் மிகுந்த வடநாட்டில் பிறந்தவரல்லவா? வெப்பம் மிகுந்தால் வேளாண்மை செழிக்கும் என்று மகிழவும் செய்தார். எரிபொருள் நுகர்வு பன்மடங்கு பெருகும் என்பதை அவர் கணக்கில் கொள்ளவில்லை.

1927இல் அர்ரீனியஸ் மறைந்தார். தாயுடன் பிரிந்து சென்ற ஓலோப், பின்னாளில் மண் வேதியியல் அறிஞரானார். ஓலோபின் மகன் குஸ்தாவ், கடலியல் அறிஞராகிக் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில் பணியாற்றினார். 1958 முதல் ஹவாய்த் தீவின் மலைமீது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இடைவிடாது அளக்கத் தொடங்கிய கீலிங் பணியாற்றியதும் அதே நிறுவனத்தில்தான்.