விமான விபத்தின் மர்மத்தை உடைத்த 'மிஸ்டர் டொர்னாடோ' - யார் இந்த ஃபுஜிட்டா?

1945 ஆகஸ்ட் 9. அமெரிக்காவின் 2-வது அணுகுண்டுக்கு முதல் குறி ஜப்பானின் கொக்குரா. வானம் தெளிவாக இல்லாததால் குண்டு நாகசாகியில் விழுந்தது. கொக்குரா பக்கத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்த டெட்சுயா ஃபுஜிட்டா உயிர் தப்பினார்.

பிறகு நாகசாகிக்கு ஆய்வுக்குப் போனார். வெடித்த இடத்தைச் சுற்றி மரங்கள் நட்சத்திர வடிவில் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தன.

1953-ல் சிகாகோ பல்கலைக்கழகம் சென்றார். டொர்னாடோவுக்குள் கருவி வைத்து அளப்பது ரொம்பக் கஷ்டம். அதனால், இடிந்த வீடுகளைப் பார்த்தே காற்றின் வேகத்தைக் கணிக்கும் 'எஃப்' அளவுகோலை 1971-ல் உருவாக்கினார்.

1975 ஜூன் 24. நியூயார்க்கில் இடிமழைக்கு நடுவே தரையிறங்க வந்த விமானம் நொறுங்கி, 100-க்கும் மேற்பட்டோர் பலியாகினர். விமானியின் தவறா?

இல்லை என்றார் ஃபுஜிட்டா. இடிமேகத்திலிருந்து காற்று செங்குத்தாகக் கீழே பாய்ந்து, தரையில் மோதி நாலாபக்கமும் சிதறுகிறது. அதுதான் விமானத்தை அமுக்கியது என்றார். நாகசாகியில் பார்த்த அதே வடிவம்!

சக விஞ்ஞானிகள் பலர் நம்பவில்லை. 1978-ல் டாப்ளர் ரேடார்கள் அந்தக் காற்றைப் பதிவு செய்தன.

1998-ல் ஃபுஜிட்டா மறைந்தார். இன்று முக்கிய விமான நிலையங்களில் இந்தக் காற்றைக் கண்டுபிடித்து, விமானிகளை முன்கூட்டியே எச்சரிக்கும் கருவிகள் இருக்கின்றன.