சம்பளமே வேண்டாம் என்றும் கிடைக்காத சீட்... அயர்டன் சென்னாவுக்கு நடந்தது என்ன?

ஃபார்முலா 1 சீசன் முடியப்போகுது என்றாலே ரசிகர்களிடம் ஒரே பேச்சுதான். அடுத்த வருஷம் யாருக்கு எந்த டீமில் சீட்? வேகமா ஓட்டுற டிரைவருக்கு நல்ல கார் தானா கிடைச்சிடும் என்றுதான் பலரும் நினைப்பாங்க. ஆனால் 3 முறை உலக சாம்பியனான அயர்டன் சென்னாவுக்கே அது நடக்கவில்லை.

யார் இந்த சென்னா?

பிரேசிலின் சாவ் பாலோவில் 1960 மார்ச் 21 அன்று பிறந்தவர். 1983-ல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3 சாம்பியன் ஆனார். அதே வருஷம் வில்லியம்ஸ், மெக்லாரன், பிரபாம் என பெரிய டீம்களின் கார்களை ஓட்டிக் காட்டினார். வேகத்தில் குறையில்லை. ஆனாலும் 1984 சீசனுக்கு அவருக்கு அமைந்தது டோல்மன் என்ற சின்ன டீம்தான்.

அந்தக் காரிலேயே, கொட்டும் மழையில் நடந்த மொனாக்கோ ரேஸில் 2-வது இடம் பிடித்தார். ஒப்பந்தம் முடியும் முன்பே அடுத்த சீசனுக்கு லோட்டஸ் டீமுடன் கைகோத்தார். கோபமடைந்த டோல்மன், இத்தாலி ரேஸில் அவரை உட்கார வைத்துவிட்டது.

சீட்டைத் தடுத்தவர்

1985-ல் லோட்டஸ் காரில் முதல் வெற்றி கிடைத்தது. அடுத்த சீசனுக்கு டெரெக் வார்விக்கை 2-வது டிரைவராக்க டீம் விரும்பியது. சென்னா சம்மதிக்கவில்லை. 2 முன்னணி டிரைவர்களுக்கு சமமாக கார் தர லோட்டஸால் முடியாது என்பது அவர் கணக்கு. வார்விக்குக்கு அந்த சீட் போச்சு.

1988-ல் மெக்லாரனுக்குப் போனார். அங்கே ஏற்கெனவே இருந்தவர் அலன் ப்ரோஸ்ட். அந்த சீசனின் 16 ரேஸில் 15-ஐ இருவரும் ஜெயித்தார்கள். பட்டம் சென்னாவுக்கு. ஆனால் உறவு கசந்தது. 1989, 1990 என 2 வருஷமும் ஜப்பானின் சுசுகாவில் இருவரின் கார்களும் மோதிக்கொண்டன. 1990, 1991 பட்டங்களும் சென்னாவிடம் வந்தன.

தடுக்கப்பட்டவர்

1992-ல் வில்லியம்ஸ்-ரெனோ காரை யாராலும் நெருங்க முடியவில்லை. நைஜல் மான்செல் சாம்பியன் ஆனார். அந்தக் காருக்காக சம்பளமே இல்லாமல் ஓட்டவும் சென்னா முன்வந்தார். ஆனால் 1993-க்கு வில்லியம்ஸ் ஒப்பந்தம் போட்டிருந்தது ப்ரோஸ்டுடன். சென்னா டீம்மேட்டாக வரக்கூடாது என்பது அதில் இருந்த நிபந்தனை. அன்று வார்விக்குக்கு நடந்தது இப்போது சென்னாவுக்கு நடந்தது.

மான்செல் அமெரிக்காவின் இண்டிகார் பக்கம் போனார். இன்னொரு சீட் டேமன் ஹில்லுக்குப் போனது. ஹோண்டா இன்ஜினை இழந்த மெக்லாரனில், ஒவ்வொரு ரேஸுக்கும் தனித்தனியாகப் பேசி ஓட்டினார் சென்னா. அப்படியும் 5 ரேஸ் ஜெயித்தார். பட்டம் ப்ரோஸ்டுக்கு.

கிடைத்த சீட்

1994-க்கு சென்னாவை எடுக்க வில்லியம்ஸ் முடிவு செய்தது. மறுபடியும் ஒரே டீமில் இருக்க விரும்பாத ப்ரோஸ்ட் ஓய்வு பெற்றார். ஆனால் அந்த சீசனில் விதிகள் மாறின. வில்லியம்ஸின் பலமாக இருந்த ஆக்டிவ் சஸ்பென்ஷன் போன்ற தொழில்நுட்பங்களுக்குத் தடை வந்தது. புதிய காரைக் கட்டுப்படுத்துவதே கஷ்டமாக இருந்தது. அப்படியும் முதல் 3 ரேஸிலும் முதலிடத்தில் இருந்து புறப்பட்டது சென்னாதான். ஆனால் ஒரு புள்ளிகூட கிடைக்கவில்லை.

3-வது ரேஸ், 1994 மே 1, இத்தாலியின் இமோலா. டாம்புரெல்லோ வளைவில் கார் சுவரில் மோதியது. 34 வயதில் சென்னா உயிரிழந்தார். 41 வெற்றிகள், 65 போல் பொசிஷன்கள் அவர் பெயரில் இருந்தன. சாவ் பாலோவில் நடந்த இறுதிச் சடங்கில் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ப்ரோஸ்டும் ஒருவர்.

அதே மாதக் கடைசியில், ஸ்பெயின் ரேஸில் அந்த சீட்டில் அமர்ந்தவர் டீமின் டெஸ்ட் டிரைவர் டேவிட் கூல்ட்ஹார்ட்.