சூரியனில் காந்தம் கண்டவர்

காந்தத்தின் மேல் தாளை வைத்து இரும்புத்தூளைத் தூவினால், தூள் அழகிய கோடுகளாக அணிவகுப்பதை நாம் அறிவோம். ஆனால் பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் தகிக்கும் சூரியனில் காந்தம் உண்டா என்று எப்படி அறிவது? ஒளியைக் கொண்டே அதை அறிந்து சொன்னவர் ஜார்ஜ் எல்லெரி ஹேல்.

இவர் 1868ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தார். தந்தையார் வில்லியம், லிப்ட் தயாரிக்கும் தொழிலில் பொருளீட்டியவர். அடிக்கடி நோய்வாய்ப்பட்ட தம் மகனின் அறிவுத் தாகத்தைக் கண்டு, கருவிகளை வாங்கித் தந்து ஊக்குவித்தார். பின்னர் வீட்டருகே ஒரு வானாய்வுக்கூடமே கட்டித் தந்தார். சூரியனை ஒரே நிற ஒளியில் மட்டும் படமெடுக்கும் கருவிக்கான எண்ணம் 1889இல் ஹேலின் உள்ளத்தில் உதித்தது. அப்போது அவர் 21 வயதுக் கல்லூரி மாணவர்.

1904இல் கலிபோர்னியாவிலுள்ள வில்சன் மலை உச்சியில் ஒரு வானாய்வுக்கூடத்தை நிறுவினார். சரியான சாலை இல்லாத அம்மலைக்குக் கோவேறு கழுதைகளின் முதுகில் பொருள்கள் ஏறின. அங்கு எடுத்த படங்களில், சூரியனின் கரும்புள்ளிகளைச் சுற்றி வாயுக்கள் சுழல்போல் காணப்பட்டன. மின்னேற்றம் பெற்ற துகள்கள் சுழன்றால் காந்தம் பிறக்குமே என்று ஹேல் சிந்தித்தார்.

இதைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் அதில் மெல்லிய கோடுகள் தெரியும். வலிய காந்தத்தின் நடுவே ஒளி பிறந்தால் அக்கோடுகள் அகன்று பிளவுபடும் என்பதை 1896இல் டச்சு நாட்டு அறிஞர் சீமன் கண்டிருந்தார். 1908இல் ஹேல் கரும்புள்ளியின் ஒளியை ஆராய்ந்தார். அங்கே கோடுகள் பிளந்திருந்தன! பூமிக்கு அப்பால் காந்தப்புலம் கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை. அதன் வலிமை பூமியின் காந்தத்தைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு. சுழல்களே காந்தத்தை உண்டாக்குகின்றன என்ற அவரது எண்ணம் பிற்காலத்தில் நிலைக்கவில்லை. ஆனால் அவர் அளந்து கண்ட காந்தம் நிலைத்தது. கரும்புள்ளிகளின் வட, தென் முனை ஒழுங்கு ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைகீழாக மாறுவதையும் அவரும் அவருடைய துணைவர்களும் 1919இல் வெளியிட்டனர்.

இத்தனை சாதனைகளுக்கிடையே அவரைக் கொடிய தலைவலியும் நரம்புத் தளர்ச்சியும் வாட்டின. 1923இல் தலைமைப் பொறுப்பைத் துறந்தார். எனினும் ஓய்ந்துவிடவில்லை. பாசடீனா நகரில் சிறிய சூரிய ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்துக்கொண்டார். 200 அங்குலத் தொலைநோக்கி ஒன்றுக்குத் திட்டமிட்டு, 1928இல் அதற்கான பெரும் நிதியையும் பெற்றார். ஆனால் அது முடியும்முன் 1938 பிப்ரவரி 21இல் மறைந்தார். பாலோமர் மலையில் 1948இல் திறக்கப்பட்ட அத்தொலைநோக்கி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அவர் காட்டிய வழி சூரியனோடு நிற்கவில்லை. 1946இல் அதே வில்சன் மலையில் ஹொரேஸ் பாப்காக் என்பவர் வேறொரு விண்மீனிலும் காந்தத்தைக் கண்டார். விண்மீன் நமக்கு ஓர் ஒளிப்புள்ளியாகவே தெரிகிறது. ஆயினும் அது சுழலும்போது அதன் ஒவ்வொரு பகுதியும் மாறி மாறி நம்மை நோக்கி வருகிறது; அதற்கேற்ப நிறமாலைக் கோடுகளும் மாறுகின்றன. பல இரவுகள் அம்மாற்றங்களைப் பதிவுசெய்து, கணிப்பொறியின் துணையால் அந்த விண்மீனின் மேற்பரப்புக் காந்தத்தை இன்று வரைபடமாகவே வரைந்துவிடுகின்றனர்.

தோழியரே, நலிந்த உடல் ஹேலின் உறுதியைக் குலைக்கவில்லை. தாம் காணப்போவதில்லை என்றாலும், பின்வருவோர் காண்பதற்காக உழைத்தார். நாமும் எடுத்த செயலைப் பிறருக்குப் பயன்படுமாறு தொடங்கி வைப்போம். அதை முடிப்பவர் வேறொருவராயினும் மகிழ்வோம்!